தரமணிக் கிருமியும் சோழிங்கநல்லூர் மருந்தும்

சென்னையில் பழைய மகாபலிபுரம் சாலை என்றால் கண்ணாடி போர்த்திய கணினி நிறுவனங்களும் மெட்ரோ ரயில் பணிக்காகத் தோண்டிய பள்ளங்களும்தான் நினைவுக்கு வரும். பாக்டீரியாவியலின் அண்மைக்கால வரலாற்றிலும் அந்தச் சாலைக்கு இரண்டு முகவரிகள் உண்டு. ஒன்று, தரமணியில் உள்ள சென்னைப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் ஏ.எல்.எம். முதுநிலை அடிப்படை மருத்துவ அறிவியல் நிறுவனம். அங்கிருந்த கார்த்திகேயன் குமாரசாமி முதல் ஆசிரியராக இருந்த கட்டுரை 2010 ஆகஸ்டில் வெளிவந்தபோது நாடாளுமன்றம் வரை அமளியானது. மற்றொன்று, தெற்கே சோழிங்கநல்லூரில் ஆர்க்கிட் மருந்து நிறுவனத்தின் ஆய்வுக்கூடம். அந்த நிறுவனம் உருவாக்கிய மூலக்கூறு ஒன்று 2024 பிப்ரவரியில் அமெரிக்காவின் ஒப்புதலைப் பெற்றது.

முன்னது கிருமியின் கதை. பின்னது மருந்தின் கதை. ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது: அந்த மருந்து அந்தக் கிருமியைக் கொல்லாது. ஆனாலும் இந்த அறக்கட்டளைச் சொற்பொழிவு இரண்டையும் சேர்த்தே எடுத்துக்கொள்கிறது. புதிய ஆன்டிபயாடிக் உருவாவது ஏன் இவ்வளவு கடினம், உருவானபின் அது நோயாளியிடம் போய்ச் சேர்வது ஏன் அதைவிடக் கடினம் என்பதற்கு இதைவிடப் பக்கத்தில் ஓர் எடுத்துக்காட்டு கிடைக்காது. (தலைப்பில் தரமணிக்குக் கொஞ்சம் அநீதி நடந்திருக்கிறது. கிருமி அங்கே பிறக்கவில்லை. அது அடையாளம் காணப்பட்ட இடங்களில் தரமணியும் ஒன்று, அவ்வளவுதான்.)

கிருமியிலிருந்து தொடங்கலாம். புது டெல்லியில் மருத்துவமனையில் இருந்துவிட்டு ஸ்வீடனுக்குத் திரும்பிய நோயாளி ஒருவரின் சிறுநீரில் 2008-இல் ஒரு கிளெப்சியெல்லா பாக்டீரியா கிடைத்தது. கார்பபெனம் வகை மருந்துகளுக்கே அது மசியவில்லை. மற்ற ஆன்டிபயாடிக்குகள் கைவிட்ட பிறகு மருத்துவர்கள் எடுப்பது கார்பபெனம். மெரோபெனம், இமிபெனம் என்று தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் தினமும் ஒலிக்கும் பெயர்கள். அந்த பாக்டீரியாவிடம் கார்பபெனத்தை வெட்டும் புதிய நொதி ஒன்று இருந்தது. நோயாளி எங்கிருந்து வந்தாரோ அந்த ஊரின் பெயரையே நொதிக்கும் வைத்தார்கள்: நியூ டெல்லி மெட்டலோ பீட்டா லேக்டமேஸ், சுருக்கமாக என்.டி.எம்.-1.

இரண்டாண்டு கழித்து வந்த அந்த 2010 கட்டுரை, இது ஒற்றை நோயாளியின் கதை அல்ல என்று காட்டியது. இந்த நொதியைச் சுமந்த பாக்டீரியாக்கள் சென்னையில் 44, ஹரியானாவில் 26, பிரிட்டனில் 37, இந்தியா, பாகிஸ்தானின் பிற இடங்களில் 73 எனக் கணக்கு வந்தது. பிரிட்டன் நோயாளிகளில் பலர் இந்தியாவுக்கோ பாகிஸ்தானுக்கோ போய்வந்தவர்கள். சிலர் அங்கே அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள். மருத்துவச் சுற்றுலாவால் வருமானம் பார்த்துக்கொண்டிருந்த நாட்டில் இது எப்படி எதிரொலித்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. வெளிநாட்டுச் சதி என்றார்கள், தேசத்துக்கு அவமானம் என்றார்கள். கட்டுரையை வெளியிட்ட குழுமத்தின் முதன்மை இதழான லான்செட்டின் ஆசிரியர் ரிச்சர்ட் ஹார்ட்டன் 2011 ஜனவரியில் டெல்லிக்கு வந்து, நொதிக்கு ஊர்ப் பெயர் சூட்டியதற்கு வருத்தம் தெரிவித்தார். அந்தச் சண்டை பெயரைப் பற்றியதாகவே முடிந்தது பெரிய நஷ்டம். அதே 2011-இல் வெளியான இன்னோர் ஆய்வு டெல்லித் தெருக்களில் தேங்கிய நீரை எடுத்துப் பார்த்தது. 171 மாதிரிகளில் 51-இல் அந்த மரபணு இருந்தது. குடிக்கத் தரும் குழாய்த் தண்ணீரில் 50-க்கு இரண்டு. மருத்துவமனைச் சுவருக்குள் அடைபட்ட சங்கதி அல்ல அது என்பது அத்துடன் உறுதியானது.

அந்த மரபணு பெரும்பாலும் பாக்டீரியாவின் முதன்மை டி.என்.ஏ.வில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதில்லை. பிளாஸ்மிட் என்னும் தனி வளையத்தில் இருக்கிறது. ஒரு பாக்டீரியா பக்கத்திலிருக்கும் பாக்டீரியாவுக்கு அந்த வளையத்தின் நகலைக் கொடுத்துவிடும். வாங்குவது அதே இனமாகத்தான் இருக்க வேண்டும் என்றும் இல்லை. கிளெப்சியெல்லாவிடமிருந்து ஈ.கோலைக்குப் போகும். ஒரே வளையத்தில் வேறு பல மருந்துகளுக்கான எதிர்ப்பு மரபணுக்களும் கோத்திருப்பதால், ஒன்றைக் கைமாற்றினால் மொத்தமும் மாறிவிடும்.

இனி மருந்தின் பக்கம். பென்சிலின், செஃபலோஸ்போரின், கார்பபெனம் எல்லாமே ஒரு குடும்பம். மூன்றிலும் நான்கு அணுக்களாலான ஒரு சின்ன வளையம் உண்டு. பீட்டா லேக்டம் என்று பெயர். பாக்டீரியா தன் செல்சுவரைக் கட்டும்போது இழைகளைப் பிணைக்கும் நொதிகளில் இந்த வளையம் போய் ஒட்டிக்கொள்கிறது. பிணைப்பு நின்றுபோய்ச் சுவர் பலமிழக்கிறது, செல் வெடிக்கிறது. மனித செல்லுக்கு அப்படியொரு சுவரே இல்லாததால் நமக்குப் பெரிய கெடுதல் இல்லை. பாக்டீரியாவின் பதிலடி, வளையத்தையே வெட்டிப்போடும் பீட்டா லேக்டமேஸ் நொதிகள். இது நாம் மருந்து தின்றதால் புதிதாக முளைத்த தந்திரம் என்று நினைத்துவிடக் கூடாது. பென்சிலின் சந்தைக்கு வருவதற்கு முன்பே, 1940-இல், எட்வர்ட் ஏப்ரகாமும் எர்னஸ்ட் செயினும் பென்சிலினைச் சிதைக்கும் நொதியைப் பற்றி எழுதிவிட்டார்கள்.

அதன்பின் நடந்தது ஓயாத ஏட்டிக்குப் போட்டி. பென்சிலினை வெட்டுகிறதா, செஃபலோஸ்போரின் கொண்டுவந்தார்கள். 1980-களில் மூன்றாம் தலைமுறை செஃபலோஸ்போரின்கள் பரவலானதும் அவற்றையும் வெட்டும் நொதிகள் தோன்றின. இ.எஸ்.பி.எல். என்று மருத்துவமனை அறிக்கைகளில் அச்சாகிவரும் நான்கெழுத்து அதுதான். இன்று உலகில் மிகப் பரவலான இ.எஸ்.பி.எல். நொதிகளில் ஒன்றான சி.டி.எக்ஸ்-எம்-15, முதலில் புது டெல்லி பாக்டீரியாக்களில் இனங்காணப்பட்டு 2001-இல் பதிவானது. அதற்கு ஊர்ப் பெயர் வைக்காததால் யாரும் கொதிக்கவில்லை.

இ.எஸ்.பி.எல். வந்தால் கார்பபெனம் என்பது வழக்கமாயிற்று. இந்திய மருத்துவமனைகளில் கிடைக்கும் ஈ.கோலையில் பெரும்பகுதி இன்று மூன்றாம் தலைமுறை செஃபலோஸ்போரினுக்கு மசிவதில்லை. சிறுநீர்த் தொற்றோடு வரும் முதியவருக்குக் காய்ச்சல் நடுக்கம் கண்டதும், கல்ச்சர் ரிப்போர்ட் வரும்வரை காத்திருக்கத் துணிச்சல் இல்லாமல் மெரோபெனம் ஏற்றப்படுகிறது. ஏற்றுகிற மருத்துவரைக் குறை சொல்வது எளிது. ரிப்போர்ட் வர இரண்டு மூன்று நாளாகும், நோயாளிக்கு அவ்வளவு நேரம் இருக்காது. இப்படி ஒவ்வொரு படுக்கையிலும் சரியாகப்படுகிற முடிவு, ஊர் மொத்தத்துக்கும் சேரும்போது வேறொன்றாகிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கண்காணிப்பில், இமிபெனத்துக்கு மசியாத ஈ.கோலை 2016-இல் 14 சதவீதமாக இருந்தது. 2021-இல் 36 சதவீதம்.

ஆக, இ.எஸ்.பி.எல். பாக்டீரியாவைக் கார்பபெனம் இல்லாமலே சமாளிக்க ஒரு மருந்து கிடைத்தால், கார்பபெனத்தின் பயன்பாடு குறையும். கார்பபெனம் குறைந்தால், என்.டி.எம். கிருமிகளுக்குச் சாதகமான சூழலும் குறையும். சோழிங்கநல்லூர் மருந்தைத் தரமணிக் கிருமியோடு சேர்த்துப் பேசுவதற்கான காரணம் இதுதான்.

ஏற்கெனவே இருந்த வழி, ஆன்டிபயாடிக்கோடு ஒரு தடுப்பானையும் சேர்த்துக் கொடுப்பது. தடுப்பானும் பீட்டா லேக்டம்போலவே தோற்றமளிக்கும். திருடன் காவல் நாய்க்குக் கறித்துண்டை வீசிவிட்டு உள்ளே நுழைவதுபோல, நொதி தடுப்பானைக் கவ்விக்கொண்டு திணறும் நேரத்தில் உண்மையான மருந்து செல்சுவரில் தன் வேலையைப் பார்த்துவிடும். கிளாவுலானிக் அமிலம், டாசோபாக்டம் எல்லாம் இந்த இனம். பைப்பராசிலினும் டாசோபாக்டமும் சேர்ந்த ஊசி மருந்து எல்லா மருத்துவமனையிலும் கிடைக்கும். ஆய்வுக்கூடத் தட்டில் அது இ.எஸ்.பி.எல். பாக்டீரியா பலவற்றைக் கொல்கிறது. நோயாளியிடம்? 2018-இல் வெளியான மெரினோ என்னும் ஒப்பீட்டு ஆய்வு இரத்தத்தில் தொற்று பரவியவர்களை எடுத்துக்கொண்டது. செஃப்ட்ரியாக்சோன் என்னும் மூன்றாம் தலைமுறை செஃபலோஸ்போரினுக்கு மசியாத ஈ.கோலையோ கிளெப்சியெல்லாவோ இருந்தவர்களில் ஒரு பாதிக்கு மெரோபெனம், மறுபாதிக்குப் பைப்பராசிலின்-டாசோபாக்டம். முப்பது நாளில் இறந்தவர்கள் மெரோபெனம் பக்கத்தில் 3.7 சதவீதம், மறுபக்கத்தில் 12.3 சதவீதம். அத்துடன் பல மருத்துவர்கள் டாசோபாக்டத்தை நம்புவதை விட்டுவிட்டார்கள்.

ஆர்க்கிட் வேதியியலாளர்கள் இந்த டாசோபாக்டத்தில்தான் கை வைத்தார்கள், மெரினோவுக்குப் பல ஆண்டுகள் முன்பே. அதிலுள்ள டிரையசோல் வளையத்தில் ஒரே ஒரு மீத்தைல் குழுவைச் சேர்த்தார்கள்: ஒரு கார்பன், மூன்று ஹைட்ரஜன். அதனால் மூலக்கூறின் மின்னூட்டமே மாறிவிட்டது. முன்பு எதிர்மின் மட்டும் கொண்டிருந்தது, இப்போது நேர்மின், எதிர்மின் இரண்டையும் சுமந்து மொத்தத்தில் நடுநிலையாயிற்று. ஈ.கோலை, கிளெப்சியெல்லா போன்ற கிராம்-நெகட்டிவ் பாக்டீரியாக்களுக்கு செல்சுவருக்கு வெளியே இன்னொரு சவ்வும் உண்டு. அதிலுள்ள நுண்துளைகளில் நுழைய இந்த இரட்டை மின்னூட்டம் உதவுகிறது. நான்காம் தலைமுறை செஃபலோஸ்போரினான செஃபிபீமும் அதே மாதிரி மின்னூட்டம் கொண்டது, சுலபமாக உள்ளே போவது. இரண்டையும் ஜோடி சேர்த்தார்கள். புதிய தடுப்பானுக்கு என்மெட்டசோபாக்டம் என்று பெயர்.

நான்கு அணுக்களைச் சேர்த்ததற்கா இவ்வளவு பேச்சு என்று தோன்றலாம். மருந்து வேதியியலில் அப்படித்தான். எந்த இடத்தில் சேர்ப்பது என்று கண்டுபிடிப்பதுதான் ஆண்டுக்கணக்கில் ஆகும்.

புதிய வகையையே தேடிக் கண்டுபிடித்திருக்கக் கூடாதா என்பதும் நியாயமான கேள்வி. தேடாமல் இல்லை. கிளாக்சோ ஸ்மித்க்ளைன் நிறுவனம் 1995-க்கும் 2001-க்கும் இடையே, பாக்டீரியா மரபணுத் தொகுப்பு கையில் கிடைத்த உற்சாகத்தில், 70 பெருந்தேடல்களை நடத்தியது. ஒவ்வொன்றிலும் லட்சக்கணக்கான வேதிப்பொருட்கள். முடிவில் மேற்கொண்டு ஆராயத் தக்கவை என்று தேறியவை ஐந்து. மருந்தாக வந்தது எதுவுமில்லை. 2007-இல் அந்த நிறுவன விஞ்ஞானிகள் இதை மறைக்காமல் கட்டுரையாகவே எழுதினார்கள். தொழில்துறையிலிருந்து அவ்வளவு நேர்மையாக வந்த ஆவணம் அபூர்வம். பொருத்தமான நொதியைத் தடுக்கும் வேதிப்பொருள் கிடைப்பதில்லை என்பதல்ல சிக்கல். கிடைத்தாலும் கிராம்-நெகட்டிவ் பாக்டீரியாவின் இரண்டு சவ்வுகளைத் தாண்டி உள்ளே போவதில்லை, போனாலும் பம்புகள் வெளியே தள்ளிவிடுகின்றன.

அதற்கு முந்தைய பொற்காலம் மண்ணை நம்பியது. ஸ்ட்ரெப்டோமைசினும் டெட்ராசைக்ளின் குடும்பத்தின் முதல் மருந்தான ஆரியோமைசினும் மண்ணில் வாழும் ஸ்ட்ரெப்டோமைசிஸ் நுண்ணுயிர்களிடமிருந்து வந்தவை. ஆரியோமைசினை பெஞ்சமின் டக்கர் கண்டெடுத்த லெடர்லி ஆய்வுக்கூடத்துக்கு அப்போது ஆராய்ச்சி இயக்குநராக இருந்தவர் எல்லாப்பிரகத சுப்பாராவ், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். அந்த மண் பின்னர் தோண்டத் தோண்டப் பழைய பொருட்களையே திரும்பத் திரும்பத் தந்தது. இப்போது வேறு வழிகள் திறக்கின்றன. 2015-இல் அமெரிக்காவின் மெய்ன் மாநிலப் புல்வெளி மண்ணில், வழக்கமான ஆய்வுக்கூடத் தட்டில் வளராத பாக்டீரியாவை மண்ணுக்குள்ளேயே வளர்த்து டெய்க்ஸோபாக்டினை எடுத்தார்கள். 2020-இல் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் கணினியைப் பழக்கி, கைவிடப்பட்ட நீரிழிவு மருந்து ஒன்றை ஹாலிசின் என்ற பெயரில் ஆன்டிபயாடிக்காக அடையாளம் கண்டார்கள். ரோஷ் நிறுவனத்தின் ஜோசுரபால்பின், அசினெட்டோபாக்டர் என்னும் பாக்டீரியா தன் வெளிச்சவ்வைக் கட்டும் வழியையே அடைக்கிறது. இவற்றில் கடைசியாகச் சொன்னதுதான் இப்போதைக்கு அதிக நம்பிக்கை தருகிறது. செய்தித்தாள் தலைப்புகளில் அதிகம் அடிபட்டது ஹாலிசின். அது இன்னும் ஆய்வுக்கூடத்து விஷயம்தான்.

உலக சுகாதார நிறுவனத்தின் 2025 கணக்கில், மனிதப் பரிசோதனையில் உள்ள பாக்டீரியா எதிர்ப்பு மருந்துகள் 90. 2023-இல் 97 இருந்தது. தொண்ணூறில் உண்மையிலேயே புதுமையானவை 15. மிக அவசரம் என்று அந்த நிறுவனம் முதல் வரிசையில் வைத்த கிருமிகளில் ஏதேனும் ஒன்றையாவது எதிர்கொள்ளக்கூடியவை ஐந்து. என்மெட்டசோபாக்டம் போன்ற பழைய குடும்பத்து மருந்து அந்தப் புதுமைப் பட்டியலில் இடம்பெறாது. அதனால் அதைக் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை என்பதே இந்த உரையின் பார்வை. நோயாளிக்கு வேண்டியது குணம்; பட்டியலில் இடம் அல்ல.

சோழிங்கநல்லூர்க் கதையில் வேதியியலைவிடச் சுவையானது கணக்குவழக்கு. 1992-இல் சென்னையில் தொடங்கிய ஆர்க்கிட், செஃபலோஸ்போரின் தயாரிப்பில் உலக அளவில் பெயர் வாங்கியது. பின்னர் கடன் கழுத்தை இறுக்கியது. ஊசி மருந்து வணிகத்தை அமெரிக்காவின் ஹோஸ்பிராவுக்குச் சுமார் 40 கோடி டாலருக்கு விற்றுவிட்டது. விற்பனை 2010-இல் முடிந்தது. என்மெட்டசோபாக்டத்தை மனிதப் பரிசோதனைக்குக் கொண்டுபோக வேண்டிய கட்டத்தில் 2013-இல் அலெக்ரா என்னும் சிறிய ஐரோப்பிய நிறுவனத்துக்கு உரிமம் கொடுத்தது. இந்திய உரிமையை மட்டும் தன்னிடம் வைத்துக்கொண்டது. 2017-இல் ஆர்க்கிட் திவால் நடவடிக்கைக்குப் போயிற்று. அதன் வேதியியலாளர்கள் உருவாக்கிய மருந்து 2018, 2019-இல் பல நாட்டு நோயாளிகளிடம் இறுதிக்கட்டச் சோதனையில் இருந்தபோது, அந்த நிறுவனத்தின் எதிர்காலத்தைக் கடன்காரர்களும் தீர்ப்பாயமும் முடிவுசெய்துகொண்டிருந்தார்கள். 2020-இல் தானுகா குழுமம் வாங்கியது.

சோதனையின் முடிவு 2022-இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வந்தது. சிக்கலான சிறுநீர்த் தொற்றும் சிறுநீரகத் தொற்றும் உள்ள 1,041 பேர் சேர்ந்த ஆய்வு. நோய்க்குறியும் நீங்கி, கிருமியும் ஒழிந்தவர்கள் செஃபிபீம்-என்மெட்டசோபாக்டம் பெற்றவர்களில் 79.1 சதவீதம், பைப்பராசிலின்-டாசோபாக்டம் பெற்றவர்களில் 58.9 சதவீதம். இ.எஸ்.பி.எல். கிருமி இருந்தவர்களை மட்டும் பிரித்தால் 73.7-க்கு 51.5. ஆன்டிபயாடிக் சோதனைகள் பெரும்பாலும் பழையதைவிட மோசமில்லை என்று காட்டுவதோடு நின்றுவிடும். இது மேலானது என்றே காட்டியது. ஆனால் ஒப்பிட்டது மெரோபெனத்தோடு அல்ல. மெரினோ ஏற்கெனவே சந்தேகத்துக்குள்ளாக்கிய மருந்தோடு. கார்பபெனத்தை மிச்சப்படுத்தலாம் என்று ஊக்கமாகப் பேசுகிறவர்கள் இந்த இடைவெளியை ஒத்துக்கொள்ள வேண்டும். சிறுநீர்த் தொற்றில் சரியாக வருவது இரத்தத் தொற்றிலும் அப்படியே வரும் என்று எடுத்துக்கொள்ளவும் முடியாது.

2024 பிப்ரவரியில் அமெரிக்காவும், அடுத்த மாதம் ஐரோப்பாவும் ஒப்புதல் தந்தன. இந்தியாவில் கண்டுபிடிக்கப்பட்ட புதிய மூலக்கூறு ஒன்று அமெரிக்க ஒப்புதல் பெற்றது இதுவே முதல் முறை என்று ஆர்க்கிட் சொல்கிறது. அதே ஆண்டில் இந்தியச் சந்தைக்கும் வந்தது.

தரமணிக் கிருமியிடம் இது ஏன் எடுபடாது? இதுவரை சொன்ன தடுப்பான்கள் எல்லாம், நொதியின் வாயில் செரின் என்னும் அமினோ அமிலத்தில்தான் ஒட்டிக்கொள்கின்றன. என்.டி.எம். நொதியிடம் அந்தச் செரின் இல்லை. இரண்டு துத்தநாக அணுக்களை வைத்து, ஒரு நீர் மூலக்கூறைக் கொண்டு வளையத்தை அறுக்கிறது. அதனால் என்மெட்டசோபாக்டமும் அதனிடம் தோற்கும். இங்கே மருத்துவர்கள் வேறொரு சாமர்த்தியம் செய்கிறார்கள். அஸ்ட்ரியோனம் என்னும் பழைய மருந்தை என்.டி.எம். வெட்டாது. ஆனால் என்.டி.எம். கிருமியிடம் பெரும்பாலும் இ.எஸ்.பி.எல். நொதியும் கூடவே இருக்கும், அது வெட்டிவிடும். ஆகவே அவிபாக்டம் என்னும் தடுப்பானைத் துணைக்கு அனுப்பி அஸ்ட்ரியோனத்தைக் காப்பாற்றுகிறார்கள். அவிபாக்டம் செஃப்டாசிடிமோடு சேர்ந்துதான் கிடைத்ததால், இந்திய மருத்துவர்கள் இரண்டு மருந்துகளையும் ஒருங்கே ஏற்றிச் சமாளித்தார்கள். அஸ்ட்ரியோனம்-அவிபாக்டம் நேரடி ஜோடிக்கு ஐரோப்பா 2024-இலும் அமெரிக்கா 2025-இலும்தான் ஒப்புதல் அளித்தன. நிறுவனங்களுக்கு முன்னே வார்டுகள் போய்விட்ட அபூர்வமான சம்பவம் இது. மும்பையின் வொக்கார்ட் நிறுவனம் செஃபிபீமோடு ஜைடபாக்டத்தைச் சேர்த்து உருவாக்கியிருக்கும் மருந்தும் இதே கிருமிகளைக் குறிவைக்கிறது.

இனி பணம். மற்ற மருந்துகள் எவ்வளவு விற்கின்றனவோ அவ்வளவு லாபம். புதிய ஆன்டிபயாடிக்கோ, அதை எவ்வளவு குறைவாகப் பயன்படுத்துகிறோமோ அவ்வளவு நாள் பலன் தரும். நல்ல மருத்துவர் அதை அலமாரியில் பூட்டித்தான் வைப்பார். கலிபோர்னியாவின் அக்காவோஜென் நிறுவனம் பிளாசோமைசின் என்னும் மருந்துக்கு 2018 ஜூனில் அமெரிக்க ஒப்புதல் வாங்கியது. அந்த ஆண்டு விற்பனை பத்து லட்சம் டாலரைத் தொடவில்லை. 2019 ஏப்ரலில் நிறுவனம் திவால். மூன்று மாதம் கழித்து, உலக சுகாதார நிறுவனம் பிளாசோமைசினை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. மருந்தின் உரிமையைச் சீனா தவிர்த்த உலகுக்கு நம்மூர் சிப்லா வாங்கிப்போட்டது. பெரிய நிறுவனங்கள் இதையெல்லாம் முன்கூட்டியே கணித்துவிட்டன: அஸ்ட்ராசெனகா 2016-இல் தன் ஆன்டிபயாடிக் வணிகத்தை ஃபைசருக்கு விற்றது, சனோஃபியும் நோவார்ட்டிஸும் 2018-இல் இந்த ஆராய்ச்சியை விட்டு விலகின. அஸ்ட்ராசெனகா 2014-இல் மூடிய பெங்களூரு ஆய்வகத்தில் இருந்த விஞ்ஞானிகள் சிலர் சேர்ந்து பக்வொர்க்ஸ் என்னும் சிறு நிறுவனத்தைத் தொடங்கி, சர்வதேச நிதியோடு ஒரு மருந்தை மனிதப் பரிசோதனை வரை கொண்டுவந்திருப்பது ஆறுதல்.

பிரிட்டன் வேறு வழியில் போய்ப் பார்த்தது. 2022-இல் இரண்டு மருந்துகளுக்கு, எத்தனை குப்பி செலவானாலும் ஆகாவிட்டாலும், ஆண்டுக்கு ஒரு கோடி பவுண்டு வரை நிலையான தொகை தரத் தொடங்கியது. இதே நோக்கத்தோடு அமெரிக்காவில் கொண்டுவந்த பாஸ்டர் மசோதா, பலமுறை முன்வைத்தும் நிறைவேறவில்லை.

மறுபுறம், மருந்து தேவைப்படுகிறவர்களுக்குக் கிடைப்பதில்லை. எட்டு வளரும் நாடுகளில் 2019-இல் கார்பபெனத்துக்கு மசியாத கிராம்-நெகட்டிவ் தொற்றுகள் ஏறக்குறைய 15 லட்சம் என்றும், அவற்றில் பொருத்தமான ஆன்டிபயாடிக் கிடைத்தது 6.9 சதவீதத்துக்கு மட்டும் என்றும் 2025-இல் வெளியான ஆய்வொன்று மதிப்பிட்டது. இந்தியாவில் 7.8 சதவீதம். மாத்திரைகளை மிதமிஞ்சித் தின்கிறோம் என்று பேசிப் பேசி, கிடைக்காமல் சாகிறவர்களை மறந்துவிட்டோம். 2012-இல் சென்னையில் கூடிய மருத்துவச் சங்கங்கள் வெளியிட்ட சென்னைப் பிரகடனமும், 2014 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த ஹெச்-1 அட்டவணையும் கட்டுப்பாட்டுப் பக்கத்தைப் பார்த்தன. மருந்துக்கடைக்காரர் சீட்டைப் பார்த்துப் பெயரெழுதி, பதிவேட்டை மூன்றாண்டு வைத்திருக்க வேண்டும் என்கிறது அட்டவணை. தேவையானவை. வாங்குவது யார் என்ற மறுபக்கம் இன்னும் காலியாகவே கிடக்கிறது.

அந்தப் பக்கத்தில் தமிழ்நாட்டுக்கு ஒரு கருவி ஏற்கெனவே கையில் இருக்கிறது. 1994-இல் அமைந்த தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், அரசு மருத்துவமனைகளுக்கெல்லாம் ஒரே டெண்டரில் மருந்து வாங்கி, மாவட்டக் கிடங்குகள் வழியாக அனுப்புகிறது. வேறு மாநிலங்கள் பார்த்துப் படித்துப்போன முறை. ஆனால் அந்த டெண்டர் அளவைக் கேட்கும், குறைந்த விலையைத் தேர்ந்தெடுக்கும். பாராசிட்டமாலுக்கு அது போதும். என்.டி.எம். கிருமிக்கான மருந்துக்கு அது ஒத்துவராது, ஏனென்றால் அங்கே குறைவாகச் செலவாவதுதான் வெற்றி. இரண்டு மூன்று மருந்துகளுக்கு மட்டும் கழகம் ஆண்டுத் தொகை ஒப்பந்தம் போட்டுப் பார்க்கலாம். மருந்து மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மட்டும் இருக்கட்டும்; நுண்ணுயிரியல் துறையின் கையெழுத்து இல்லாமல் குப்பி வெளியே போகக் கூடாது; அதற்கேற்ப அந்தத் துறைகளுக்கு நொதி எது என்று சில மணி நேரத்தில் சொல்லும் பரிசோதனைக் கருவிகளும் ஆட்களும் வேண்டும். தொகை, பிரிட்டன் தருவதைப்போல அல்லாமல், மாநிலத்தின் படுக்கை எண்ணிக்கைக்கும் வரவு செலவுக்கும் ஏற்பப் பேசி முடிக்க வேண்டியது. செலவாகாத குப்பிக்கு எதற்குப் பணம் என்று தணிக்கைத் துறை முதல் ஆண்டிலேயே கேட்கும். அந்தக் கேள்விக்கான பதிலை ஒப்பந்தத்தின் முதல் பக்கத்திலேயே விதியாக எழுதிவைத்து, நிதித் துறையின் ஒப்புதலையும் முன்னதாகவே வாங்கிவிடுவது கழக அதிகாரிகளுக்கு நல்லது.